விழுந்த முக்கோணி

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்தபோது
என்னிடம் இருந்தவை
ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி, நாலு பற்றரி, ஒரு கவராயம்,
பிரிஸ்டல் மட்டையில் வெட்டிய பதினாறு உருவங்கள்.
சாவடியில் நின்றவன் கவராயத்தை விரித்து
ஊசியைத் தன் விரலிலேயே குத்திப் பார்த்தான்.
"மே மொக்கட்ட?"
வட்டம் போட, என்று காற்றில் சுழற்றிக் காட்டினேன்.
அவனும் எங்கோ ஒரு பள்ளியில் வட்டம் போட்டவன்தானே,
திருப்பித் தந்தான்.
பற்றரியில் இரண்டை வைத்துக்கொண்டான்.
பெட்டிக்கு இரண்டு போதும்.

படுவான்கரையில் ஏழாம் ஆண்டு, முப்பத்தொரு பிள்ளைகள்.
கூரையில்லாத வகுப்புக்கு வெளியே
எதிரெதிராய் இரண்டு கதிரை.
தவமலரின் முறை வந்தபோது
உச்சி கீழே, அடி மேலே இருக்க
முக்கோணியை நீட்டினேன்.
"இது என்ன?"
"இது விழுந்திட்டு, மிஸ்."
தோற்றத்தை மட்டுமே காண்கிறாள்
என்று எழுதினேன். பூச்சிய நிலை.

அந்த ஒரு சொல்லில் ஏறித்தான்
இங்கிலாந்துக் குளிரில் கலாநிதியானேன்.
மட்டக்களப்பு எங்கே இருக்கிறது,
ஒரு வசனத்தில் விளக்குக என்றார் மதிப்பீட்டாளர்.
முப்பத்தொன்று எப்படி அடுத்த ஆண்டு
பத்தொன்பதாயிற்று என்றும் கேட்டார்.
அடிக்குறிப்பில் ஒரு சொல் இட்டேன்:
இடப்பெயர்வு.
ஏற்றுக்கொண்டார்.

பிறகு வந்தாறுமூலையில் என் பெயர்ப்பலகை மூன்று தரம் நீண்டது.
நிறுவலை ஒன்பதில் தொடங்குவதா பத்திலா என்று
கொழும்பில் இரண்டு நாள் சண்டை பிடித்தோம்,
நல்ல தேநீர்.
பிள்ளைகளோ
தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என
நான்கு தலைப்பையும் அழகாய் எழுதி
அடியில் கோடும் கீறி
கீழே வெறுமையாய் விட்டார்கள்.
அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினேன்.
தவமலரின் சொல்லுக்கு மட்டும்
நூற்றெண்பத்து மூன்று மேற்கோள்.

போன மாதம், ஓய்வுபெற முன்,
பூஞ்சணம் பிடித்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றினோம்.
ஒன்பதாவது நாடா, இரண்டாம் பக்கம்.
விழுந்திட்டு, மிஸ்.
என் பேனை ஓடும் ஒலி.
காகம்.
நான் கதிரையை இழுக்கும் கரகரப்பு,
அதற்கு அடியில், மெல்ல,
"மறுகா நிமித்தினா அதேதானே."
அதன்மேல் என் குரல்:
"சரி, அடுத்த ஆள்."

பிரதீஸ் மூன்று தரம் திரும்பப் போட்டான்.

மறுகா.
நாளுக்கு நாற்பது தரம் நானே சொல்லும் சொல்.
ஆங்கிலப் பெயர்ப்பில் அதை வெட்டியிருக்கிறேன்,
நிரப்புச் சொற்களை நீக்குக என்றிருந்தார்கள்.
வால் போலத் தொடர்ந்ததும் கூடவே போயிற்று.
திருப்பினாலும் அதே உரு:
அந்த ஒன்றைச் சொல்லித்தர
எனக்கு இருபத்தைந்து பக்க ஆசிரியர் கைந்நூல் தேவைப்பட்டது.

சஞ்சிகைக்கு எழுதினேன்.
பத்து ஆண்டுக்கு மேற்பட்டவற்றில்
திருத்தங்கள் ஏற்கப்படா, என்று பதில்,
கீழே தானியங்கிக் கையொப்பம்.
பழைய பெயர்ப்பட்டியலைத் தேடி எடுத்தேன்.
தவமலர், இலக்கம் இருபத்திரண்டு.
பக்கத்தில் பென்சிலில் என் கையாலேயே ஒரு சிறு வெட்டு.
பத்தொன்பதில் அவள் இல்லை.
அடிக்குறிப்புக்குள் இருக்கிறாள்.

நேற்று கடைசி விரிவுரை.
விளக்கம் எதுவும் சொல்லாமல் நாடாவை ஓடவிட்டு
நிலையைக் குறியுங்கள் என்றேன்.
விழுந்திட்டு, மிஸ் என்றதும்
நாற்பது பேனையும் ஒன்றாகக் குனிந்தன, என் பேனையைப் போலவே.
மூன்றாம் வரிசையில்
சம்மாந்துறையிலிருந்து வரும் ஹஸ்மியாவின் பேனை மட்டும்
மேலேயே நின்றது.
அவள் தலையைச் சற்றுச் சரித்து
கதிரை இழுபடும் சத்தத்துக்குள்
எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.
மணி அடித்தது.
நான் நாடாவை நிறுத்தவில்லை.