பத்து லிட்டர்

கேரவனின் வயிற்றில் பத்து லிட்டர் தண்ணீர்.
அதற்கு இரண்டு சுவிட்ச்:
ஒன்று கரண்ட், ஒன்று கேஸ்.
இரண்டும் என் பொறுப்பு.
பாடி கட்டிய கோயமுத்தூர்க்காரர்
சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்:
தொட்டி நிறையாமல் எதையும் போடாதே.

கரண்டில் சத்தம் கிடையாது,
முக்கால் மணி நேரம் ஆகும்.
கேஸ் என்றால் பக்கவாட்டு வலைக்குப் பின்னால்
டிக் டிக் டிக்,
பிறகு ஒரு பெருமூச்சு,
கால் மணியில் கை வைக்க முடியாது.
அவசரத்துக்கு இரண்டையும் போடலாம்.

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெண்ணாற்றங்கரை.
மார்கழி.
கோயில் ஒலிபெருக்கி இன்னும் தொண்டையைச் செருமவில்லை.
ஒலிப்பதிவுக்காரருக்கு ஆற்றின் சத்தம் மட்டும் வேண்டுமாம்.
இதாயத்துல்லா ஜெனரேட்டரை அணைத்துவிட்டு
போர்வைக்குள் போனான்.
பக்கத்து மோட்டார் கொட்டகையில்
கேட்டு வாங்கிய ஒயர் ஒன்றுதான் எனக்கு.

முறை வைத்துத் தண்ணீர் விடும் வாரம்.
ஆறு ஓடும் நாளிலும்
வாய்க்கால் எட்டாத வயல்கள் உண்டு.
மும்முனை வந்ததும்
சுற்றுவட்டாரத்து போர்செட் எல்லாம்
ஒரே நேரத்தில் எழுந்துகொள்கின்றன.
என் மீட்டர் முள் நூற்று அறுபதில் படுத்துவிட்டது.
தாளடிப் பயிரோடு நான் போட்டிக்குப் போவதில்லை.
கரண்டைத் தட்டிவிட்டு கேஸைப் போட்டேன்.

காட்சி இதுதான்:
கதாநாயகி ஆற்றில் குதிக்கிறாள்.
குதிப்பது ரெஜினா.
அதே புடவை, அதே ஜடை,
முதுகு மட்டும் கேமராவுக்கு.
ஏழாவது முறை கரையேறியபோது
நாவற்பழம் தின்ற உதடு.
யாரோ துண்டு கொடுத்தார்கள்,
ஆறாவது முறைக்குக் கொடுத்த அதே துண்டு.

கேரவன் கதவில் ஒட்டியிருப்பது அவள் பெயரல்ல.
படியில் அவள் கால் வைத்தால்
என் சம்பளத்தில் கை வைப்பார்கள்.
அவளும் கேட்கவில்லை.
வண்டியைச் சுற்றி வந்து
கேஸ் புகை போகும் வலையை எப்படியோ கண்டுபிடித்து
இரண்டு உள்ளங்கையையும் காட்டிக்கொண்டு நின்றாள்.
'முகத்தைக் கிட்ட கொண்டுபோகாதீங்க, அது புகை' என்றேன்.
'சூடாத்தானே இருக்கு' என்றாள்.

வண்டியின் அடியில் ஒரு மஞ்சள் நெம்புகோல்.
ஊட்டிப் படப்பிடிப்பில்
ராத்திரி குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க
தொட்டியைக் காலி செய்வதற்கு.
டெல்டாவில் அதற்கு இதுவரை வேலை வந்ததில்லை.

கேஸை அணைத்தேன். பம்பை அணைத்தேன்.
உள்ளே ஒரு குழாயைத் திறந்து காற்றுக்கு வழி விட்டேன்.
பெயிண்ட் வாளியை அடியில் தள்ளி
நெம்புகோலைத் தூக்கினேன்.
வாளிக்குள் ஆவி பொங்கியது.
ஆற்றுத் தண்ணீர் நாலு சொம்பு கலந்து
தட்டி மறைவுக்குத் தூக்கிப் போனாள்.

திரும்பி வந்த வாளியில் பாதித் தண்ணீர் அப்படியே.
'தெர்மாகோல் பிடிச்ச தம்பியும்
இடுப்பளவு தண்ணியிலதான நின்னுச்சு.
அதுக்குக் குடுங்க.'

மறுபடி தொட்டியை நிரப்பினேன்.
குழாய் இருமி, துப்பி, பிறகு ஒழுங்காக ஊற்றியது.
இரண்டு சுவிட்சையும் போட்டேன்.
டிக் டிக் டிக்.
பெருமூச்சு வரவில்லை.
டிக் டிக் டிக்.
சிவப்பு விளக்கு.
சிலிண்டர் தீர்ந்துவிட்டது;
மாற்று சிலிண்டர் திருவாரூர் லாட்ஜில்,
புரொடக்‌ஷன் வேனில் தூங்குகிறது.

'அண்ணா, சுடுதண்ணி?' உள்ளிருந்து குரல்.
'கொஞ்ச நேரம் மேடம், வயலுக்குப் பாயுது.'
அவருக்கு என்ன புரிந்ததோ,
சரி என்றார்.

வெயில் ஏற ஏற
தூரத்தில் ஒரு மோட்டார் நின்றது.
பிறகு இன்னொன்று.
முள் நூற்று எழுபது, நூற்று எண்பது என்று
முட்டியில் கை ஊன்றி எழுந்தது.

சாயங்காலம் நோட்டில் எழுத வேண்டும்.
தொட்டி காலி செய்தது: ஒரு முறை.
காரணம்?
யோசித்துவிட்டு எழுதினேன்: உறைபனி.
இடம்: கொரடாச்சேரி.

மேனேஜர் போனில் பேசிக்கொண்டே
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.