நான்காம் நாள்

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
ஐந்து கட்டம் போட்டிருக்கிறார் இவர்.
சிங்கப்பூர், ஐந்து நாள்.
முதல் கட்டத்தில் 'இறங்குதல்' என்று மட்டும்,
ஏதோ பஸ் நிறுத்தம் மாதிரி.
இரண்டில் ஹேமா வீடு.
மூன்றிலும் ஹேமா வீடு,
ஒரு வேளைச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டால்
என் நாத்தனார் அதைப் பத்து வருடம் சொல்லிக்காட்டுவாள்.
ஐந்தில் முஸ்தபா, பெட்டி கட்டுதல், விமானம்.
நான்கு காலி.

அதியன் வந்தான். பச்சை ஸ்கெட்ச்.
கட்டம் முழுக்க ஒரு ரயில்,
தலைகீழாகப் போகிற ரயில்.
தண்டவாளம் கோட்டைத் தாண்டி
ஹேமா வீட்டுக்குள் நுழைந்து
சாம்பார் வாளியைச் சுற்றித் திரும்பி வந்தது.

இவர் போனில் கூட்டினார், பெருக்கினார்.
மூன்று டிக்கெட், சாப்பாடு, போக வர.
"கத்துறதுக்கா இவ்வளவு காசு?
தீவுத்திடல்ல இல்லாத ராட்டினமா?
பொருட்காட்சி வரட்டும், அப்பளமும் வாங்கித் தரேன்."

ஹேமாவிடம் கேட்டோம்.
"அந்தப் பார்க்கா? வெயில்ல க்யூ நிக்கணும் அண்ணி.
நான் வந்து பதினோரு வருஷமாச்சு, போனதே இல்ல"
என்றாள், பெருமையாக.

அதற்குள் இன்னொரு சிக்கல்.
அந்த ரயிலுக்கு நூற்று இருபத்திரண்டு சென்டிமீட்டர் வேண்டுமாம்.
ஃபிரிட்ஜ் கதவில் பென்சில் கோடு:
அதியன், நூற்றுப் பத்தொன்பதரை.
அன்றிலிருந்து தினம் இரண்டு முட்டை.
ஜன்னல் கம்பியில் தொங்கினான்.
புரசைவாக்கத்தில் ஷூ வாங்கும்போது
சைஸ் கேட்ட பையனிடம்
"அடி எவ்வளவு தடிமன் அங்கிள்?" என்றான்.
ஞாயிறுதோறும் அளந்தோம்.
மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான்,
காற்று அடைத்தால் வளரலாம் என்று.

எனக்கு இதில் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை.
போர்வைக்குள் போனை வைத்து
அந்த ரயிலின் வீடியோவைப் பார்த்தேன், ஒலியை அணைத்துவிட்டு.
வரிசை வரிசையாக முகங்கள்.
எங்கள் கொளத்தூர் மீன் கடைத் தொட்டிகளில் போல
வாய் திறந்து, மூடி, திறந்து.
என் வயதில் ஒருத்தி.
கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு
உள்நாக்கு தெரியக் கத்துகிறாள்.
பக்கத்தில் இருப்பவன் ஏன் என்று கேட்கவில்லை.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் இருப்பது வங்கியில் நகைக்கடன் பிரிவு.
தாலிச்சரட்டைக் கழற்றித் தருகிறவர்களிடம்
யாரும் உரக்கப் பேசுவதில்லை.
வீட்டில் நான் தும்மினால்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'நூறு' என்கிறார்கள்.
கடைசியாக எப்போது கத்தினேன்?
அதியன் பிறந்த அன்று.
அப்போதும் அந்த நர்ஸ்,
"மெதுவா, மெதுவா. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க இல்ல?"

வீடியோவை நாலு முறை பார்த்தேன்.
ஐந்தாம் முறை ஒலியை ஒரே ஒரு புள்ளி கூட்டினேன்.
இவர் புரண்டு படுத்தார். அணைத்தேன்.

இந்த ஞாயிறு: நூற்று இருபது.
இன்னும் பதினேழு நாள்.
முட்டையாலும் ஷூவாலும் ஆகாது
என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.
சிறியவர்களுக்கான டிராகன் ஒன்று இருக்கிறது,
மெதுவாகத்தான் போகும் என்றேன்.
"மெதுவாவா?" என்றான், கீழுதடு பிதுங்க.

"அப்ப எதுக்கு அந்தச் செலவு?
நாலாம் நாளும் ஹேமா வீட்டுக்கே போயிடலாம்"
என்று ரப்பரை எடுத்தார் இவர்.
ஸ்கெட்ச் ரப்பரில் அழியாது.
தேய்த்ததில் தாள்தான் கிழிந்தது.

நான் ஃபிரிட்ஜ் கதவில் முதுகை ஒட்டி நின்றேன்.
"அதியா, அந்த ஸ்கேலை எடுத்துட்டு வா.
தலைமேல வச்சுக் கோடு போடு."
ஸ்டூலில் ஏறிப் போட்டான். எண்ணிப் பார்த்தான்.
நூற்று ஐம்பத்து நான்கு.
"நீங்க டிராகன்ல போங்க ரெண்டு பேரும்.
என் பையை மட்டும் பிடிச்சுக்குங்க" என்றேன்.

இவர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கொண்டை போட்டிருக்கிறேனே என்று
அவிழ்த்துவிட்டு
இன்னொரு முறை அளக்கச் சொன்னேன்.