துடைக்கக் கூடாத வரிசை

பர்கூர் தாண்டி
கல்குவாரிக்குப் பிரியும் மண்பாதையில்
கம்பிவேலிக்குள் பன்னிரண்டு சோலார் பலகைகள்.
இடது வரிசை ஆறையும் தினம் காலையில் துடைக்க வேண்டும்.
வலது வரிசை ஆறில் கை வைக்கக் கூடாது.
இரண்டும் சேர்த்துத்தான் என் சம்பளம்.

"அந்தப் பக்கமும் ஒரு இழுப்பு இழுத்தால்
கை தேய்ந்தா போகும்?" என்றாள் அம்மா.
கை தேயாது.
கணக்கு தேய்ந்துவிடும்.

மூன்று மணிக்கு வெடி.
நாலுக்குள் சாம்பல் நிறத்தில் இறங்கும்,
பல்லில் நறநறக்கும்,
மோர்ச் சொம்பில் மிதக்கும்,
வலது வரிசையில் அமைதியாகப் போய் உட்காரும்.
உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டில் அதைப் பிடித்து
எடை போட்டு எழுதுவேன்.
இன்று நாற்பத்தாறு மில்லிகிராம் கிரானைட்.

இந்தத் தூசிக்கு ஐரோப்பா பணம் தருகிறது.
அங்கே எதோ மழை ஊரில் ஒருத்தி
ரொட்டி வாங்கும்போது கட்டிய வரி
நாலு நாட்டுக் குழுவாகி
ஏழு கையெழுத்தாகி
முப்பத்தாறு மாதமாகி
கடைசியில் போச்சம்பள்ளிச் சந்தையில்
இரண்டரை மீட்டர் காடாத்துணியாகி
என் கைக்கு வந்தது.
அவளுக்கு என்னைத் தெரியாது.
எனக்கு அந்த ரொட்டியின் பெயர்கூடத் தெரியாது.

துணிக்கு ரசீது கேட்டு மெயில் வந்தது.
நூற்று நாற்பது ரூபாய்.
சந்தையில் ரசீது தரமாட்டார்கள் என்று எழுதினேன்.
தரமாட்டார்கள் என்பதற்குச் சான்று உண்டா என்றார்கள்.
துணிக்காரர் சாந்தப்பன் என் நோட்டில்
'நான் ரசீது தருவதில்லை' என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.
ஏற்றுக்கொண்டார்கள்.
நம்ம தாலுகா ஆபீசுக்குத் தேவலை, என்றார் அவர்.

ஒன்றுதான் எனக்கு ஒப்பவில்லை.
பலகையில் பிறக்கும் கரண்டு
எந்த வீட்டுக்கும் போகாது.
ஒரு கம்பிச்சுருளுக்குள் புகுந்து
சூடாகி, காற்றோடு போகும்.
அளப்பதற்கான கரண்டு, எரிப்பதற்கில்லை.
ஒப்பந்தத்தில் அப்படி.
அந்தச் சுருள்மேல் ஒருநாள்
டிபன் பாக்ஸை வைத்துப் பார்த்தேன்.
களி நன்றாகத்தான் வெதுவெதுத்தது.
அதை எழுதவில்லை.

ஆவணிக் காற்றில் கம்பம் சாய்ந்து
மூன்று நாள் ஊரில் கரண்டு இல்லை.
இரண்டாம் நாள் உச்சியில்
ஜல்லி அள்ளும் மல்லம்மா வேலியோரம் வந்து நின்றாள்.
மகளை ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது,
வலி எடுத்து ராத்திரி முழுக்க ஆயிற்று என்பதெல்லாம்
எனக்கு முன்னமே தெரியும்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
செத்துப்போன போனைக்
கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள்.

இடது வரிசை, மூன்றாம் பலகை.
சாயங்காலம் பதிவேட்டில் எழுதினேன்:
விலகல், 13.10 முதல் 14.00 வரை.
காரணம், ஒரு போன்.
கூடுதல் விவரம், பெண் குழந்தை,
இரண்டே முக்கால் கிலோ.

வேலை போய்விடும் என்றிருந்தேன்.
பதினோரு நாள் கழித்து மாரைக்கே மேடம் பதில் போட்டார்:
வரைபடத்தில் அந்தப் பள்ளத்தை நாங்கள் நிரப்பவில்லை,
அடிக்குறிப்போடு அப்படியே விட்டிருக்கிறோம்.
ஒரு திருத்தம்.
இந்த ஆய்வில் எடைகளை
மில்லிகிராமில் மட்டுமே தரவும்.

அடித்துவிட்டு எழுதினேன்:
இருபத்தேழு லட்சத்து ஐம்பதாயிரம்.

இன்றோடு முப்பத்தாறு மாதம் முடிகிறது.
துடைக்காத வரிசை
நூற்றுக்கு முப்பத்தொன்று இழந்திருக்கிறது.
அடுத்த பணம் வருமா தெரியவில்லை,
அங்கே தேர்தலாம்,
பீரங்கிக்குக் கொஞ்சம் ஒதுக்க வேண்டியிருக்கிறதாம்.
கடைசி எண்ணையும் அனுப்பிவிட்டேன்.
இனி எந்த வரிசையைத் தொட்டாலும்
கேட்க ஆளில்லை.

ஈரத்துணியைப் பிழிந்து வைத்துக்கொண்டு
வலது பக்கம் நிற்கிறேன்.
மணி இரண்டு ஐம்பது.
குவாரியில் விசில் ஊதுகிறார்கள்.