பூண்டு எடை

பதினோரு மீட்டர் இறக்கை.
மணல் பைகள் வேனில் இடமில்லாமல்
கொடைக்கானலிலேயே தங்கிவிட்டன.
ஆகவே பூண்டு.

பூம்பாறை, வேலாத்தாள் மண்டி.
கால் கிலோ கால் கிலோவாகக் கொத்துக் கட்டி
தலைகீழாகப் பொருத்திய இறக்கையில்
நெடுகத் தொங்கவிட்டோம்,
மண்ணின் இழுப்பு
காற்றின் தூக்கலாக நடிக்கட்டும் என்று.

நுனி முதலில் ஒரு சாண் இறங்கியது.
பிறகு ஒரு முழம்.
பிறகு சுமை இறக்குகிறவர் பக்கத்தில் போய் நின்று
"என் இடுப்புக்கு வந்துருச்சு" என்றார்.
அளந்தேன். தரையிலிருந்து தொண்ணூற்று ஆறு சென்டிமீட்டர்.

"பறக்கும்போதும் இப்படியா?"
இப்படித்தான், மேல்நோக்கி.
"அப்ப நேரா இருக்குறதா நெனச்சுப் போட்ட கணக்கு?"

அதற்குப் பதில்
போன மாசியில் மன்னவனூர் புல்வெளியில்
நாற்பது நொடியில் கிடைத்தது.
கணக்கில் அது ஒரே கட்டை:
மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, முடிந்தது.
மேலே போனதும் கட்டையாக இருக்க மறுத்தது.
மூக்கு மெல்ல ஏறி மெல்லத் தாழ,
இறக்கை மடிந்து உயர்ந்து விரிந்து தாழ,
இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன.
நிறுத்தப் போய் ஊஞ்சலை உந்திவிடும் கை மாதிரி
எங்கள் நிரல்
ஒவ்வொரு திருத்தத்திலும் வீச்சைக் கூட்டியது.
ஆட்டுப் பண்ணைக் கம்பிவேலியில்
வெள்ளித்தாள் மூன்று நாள் மினுங்கிக் கிடந்தது.

இப்போது மாதிரியில் இருநூற்றுப் பன்னிரண்டு மாறிகள்.
அத்தனையும் சுமக்க
மூக்கில் இருக்கும் நகத்தளவு சில்லுக்குத் தெம்பில்லை.
இரவெல்லாம் கழித்தல்.
படபடத்து உடனே அடங்குபவை போகட்டும்.
வளைவில் முதல் இரண்டு இருக்கட்டும்.
முறுக்கல்
ஒன்று. ஒன்று மட்டும்.
அதையும் எடுத்தால் எட்டு மில்லிநொடி மிச்சம்
என்கிறான் பெலிக்ஸ், கம்பளிக்குள்ளிருந்து.
எடுத்துப் பார்த்தோம்.
திரையில் விழுந்தது.
திரும்ப வைத்தோம்.

காலையில் கொத்துகளை அவிழ்த்ததும்
இறக்கை நிமிர்ந்தது, மூன்று மில்லிமீட்டர் தவிர.
பசையா, இழையா, இரவுக் குளிரா,
தெரியவில்லை.
வேலாத்தாள் பூண்டைத் திரும்ப நிறுத்தாள்.
நூற்றைம்பது கிராம் குறைந்தது.
"காஞ்சிருக்கும்" என்றாள்,
"நீங்க எந்த எடையை எழுதுனீங்க?"

வெளியே மஞ்சு படியடுக்கு வயல்களை
ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது.
பேனாவைத் தேடினேன்.