நாடா

சாண் உயரம், ஒன்றரை முழ நீளம்,
இரண்டு முனையும் கூம்பி.
பொள்ளாச்சி மச்சினன் தக்காளிக் கூடையில் வைத்துக்
கொண்டுவந்து இறக்கிய அன்றே
தறிக்குடோனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
ஓடிக்கொண்டே இருந்தது.
ஊடை சுமக்காத நாடா.
அதையே பேராக வைத்துவிட்டோம்.

முதல் வாரத்தில் நூல் கோன் நான்கு நாசம்.
பல்லடத்திலிருந்து வந்த நூல்காரர் வேட்டியில் ஒரு கிழிசல்.
மடித்து அடுக்கிய பீஸ் மேல் ஈரம் பண்ணியதற்கு
கம்பெனிக்காரன் கூலியில் பிடித்துக்கொண்டான்.
"பழக்கோணும்" என்றாள் சாந்தாமணி
என்னைப் பார்த்து.
யார் யாரைச் சேர்த்துச் சொன்னாளோ.

கௌசிகா செல்லில் பார்த்துச் சொன்னாள்:
அடிக்கக் கூடாது.
ஒரு வேலைக்கு ஒரே சொல்.
செய்த கணமே வாயில் ஏதாவது விழ வேண்டும்.
சட்டைப்பை நிறையப் பொட்டுக்கடலையோடு
எட்டுத் தறிக்கு நடுவில் நின்று
"உக்காரு" என்று கத்தினேன்.
என் சொல் என் காதுக்கே வரவில்லை.

அதனால் கை.
விரல் தரையைக் காட்டினால் உட்கார்.
உள்ளங்கை விரிந்தால் இருந்த இடத்தில் இரு.
தொடையில் இரண்டு தட்டு, வா.
தறிக்காரன் பேச்சே அப்படித்தான்.
இழை அறுந்தால் கத்தரிக்கிற விரல்,
டீக்குக் கட்டைவிரல்,
சம்பளம் என்றைக்கு என்பதற்கு வெறும் புருவம்.
பதினைந்தாம் நாள்
ராத்திரி ஷிப்ட் அய்யாவு கட்டைவிரல் உயர்த்த
எங்களுக்கு முன்னால் அடுப்படிக்கு ஓடியது நாடா.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறி நிற்கும்,
பக்கத்துக் குடோன் இருபத்துநான்கும் நிற்காது.
அதனால் தெரியவே இல்லை
இருபத்தாறாம் நாள், மாதப் பராமரிப்பென்று
காலை ஒன்பதுக்கு வீதியே அணைகிறவரை.

வேப்பம்பழம் ஒன்று ஓட்டின்மேல் விழுந்தது கேட்டது.
நாடா குரைத்தது.
குரைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது
யாரது என்று.
மறுபடி குரைத்து,
தன் வாலுக்குப் பின்னால் போய்த் தேடியது.
"உக்காரு" என்றேன்
தறி ஓடுகிற குரலில்.
நாலு வீடு தள்ளி யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.
நாடா பாவு பீமுக்கு அடியில் ஒடுங்கிவிட்டது.

"தறிதான் நின்னுபோச்சுங்களே,
இன்னும் எதுக்குங்க கத்தறீங்க?"
சாந்தாமணி குரல் இவ்வளவு மெலிசு என்பது
எனக்கு மறந்திருந்தது.

தரையில் குந்தி, "நாடா" என்றேன்.
காது அசையவில்லை.
நாங்கள் வைத்த பேர்
அதற்கு இன்னும் போய்ச் சேரவே இல்லை.
ஒரு கடலை. "நாடா."
ஒரு கடலை. "நாடா."
பதினொன்றிலோ பன்னிரண்டிலோ மூக்கு வந்தது,
முன்கால் வந்தது,
அப்புறம் அந்த உடம்பு வந்துகொண்டே இருந்தது.
மத்தியானத்துக்குள் பை காலி.
பேரைச் சொன்னால் இப்போது ஒரு காது எழும்புகிறது.
ஒன்றுதான்.

அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்தது.
பக்கத்துக் குடோன் சடக்கென்று பிடித்துக்கொண்டது.
சுவிட்சில் கையை வைத்து
சாந்தாமணி என்னைப் பார்த்தாள்.
இன்னொரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறேன்,
சித்தெ பொறு, என்று
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவள் போட்டுவிட்டாள்.
நாடாதான்,
தூக்கிய ஒரு காலையும் இறக்காமல்
நான் கையை மடக்கும்வரை
அப்படியே நின்றது.