கூட்டல் சி

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
மீனுக்கு முட்டையிட விடுமுறை,
எமரிட்டுக்குத் தூங்க விடுமுறை,
எனக்கு நுண்கணிதம், நான்காவது தடவை.

நண்டு கம்பெனியில் எடை போடுகிறவள் நான்.
ஓடு எவ்வளவு, சதை எவ்வளவு,
ஐஸ் தண்ணீரில் ஏமாற்று எவ்வளவு,
கண்ணால் பார்த்தே கிராமில் சொல்வேன்.
தபாலில் வந்த பாடப் புத்தகத்தில்
ஒரு எக்ஸ் தலைகாட்டினால் போதும்,
வலையில் மாட்டிய பேத்தை மாதிரி
கணக்கு ஊதிப் பெருத்துவிடும்.
பிடிக்கவும் முடியாது, தின்னவும் முடியாது.

முதல் தடவை இருபத்தொன்று.
அடுத்தது பதினெட்டு.
போன டிசம்பரில் பதினான்கு.
"வகைக்கெழு எதிர்க்குறி," என்றாள் ஷமீமா.
பக்கத்து மேசையில் நண்டு உடைப்பவள்,
என்னோடு சேர்ந்தவள், எப்போதோ பாஸானவள்.
விரலில் கொடுக்குக் கீறலோடு எண்ணிப் பார்த்தாள்.
"இரண்டாம் வகைக்கெழுவும் எதிர்க்குறிதான்டி.
இதே போக்கில் இன்னும் மூணு தடவை எழுதினா
யூனிவர்சிட்டிக்கு நீ நாலு மார்க் கடன்."

மே மாத ராத்திரி, பாம்பன் தெற்குவாடி, கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் உரக்கப் படித்தேன்:
எக்ஸ் ஏ-வை நெருங்குகிறது,
ஆனால் ஏ ஆவதில்லை.
எக்ஸ் ஏ-வை நெருங்குகிறது, ஆனால்
பாயில் கிடந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார்.
"அப்புறம்?"
அப்புறம் ஒன்றுமில்லை. நெருங்கிக்கொண்டே இருக்கும்.
எவ்வளவு கிட்ட வேண்டுமானாலும் போகலாம்,
தொடக் கூடாது. இதற்குப் பெயர் எல்லை.
"தொட்டா?"
புத்தகத்தில் அது இல்லை.
"எங்க படகுல இருக்கு."
எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
"ஜிபிஎஸ்ல ஒரு கோடு.
இங்கிட்டு நின்னா பொடி இறால்.
கொஞ்சம் போனா பெரிய இறால்.
அதுலயும் கொஞ்சம் போனா அதவிடப் பெருசு.
கோட்டைத் தொட்டா இறால் அங்க,
படகு அங்க, நாங்களும் அங்க.
இதுக்கா மூணு தடவை ஃபெயிலு?"

விடிவதற்குள் கரை முழுக்கச் செய்தி.
சும்மா கிடந்த விசைப்படகுகளுக்கு நடுவே
சும்மா கிடந்த பதினோரு பேர்
என் புத்தகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.
இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை என்று
அரைகுறையாகச் சொன்னேன்.
வலை பொத்திக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸ்
ஊசியைப் பல்லில் கடித்தபடி சொன்னான்:
"நாம இந்தப் பக்கத்துலருந்து போய்ச் சேருறது ஒண்ணு,
அவங்க அந்தப் பக்கத்துலருந்து வந்து சேருறது ஒண்ணு.
ரெண்டும் ஒரே இடம்னு ஆனாத்தான்
எல்லைன்னு ஒண்ணு இருக்கு.
இல்லேன்னா இல்ல."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு யாரோ அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ராமநாதபுரத்தில் பரீட்சை.
எல்லைக்கு வரையறை கேட்டிருந்தான்.
இறால் என்று எழுதிவிட்டு அடித்தேன்.

நாற்பத்தொன்று. பாஸுக்கு நாற்பது.
"தொட்டுட்டியே!" என்று ஷமீமா கத்தினாள்.
மிச்ச மார்க் எங்கே போனது என்று
எமரிட்டுக்குத்தான் கவலை.
தொகையீடு போட்ட இடத்திலெல்லாம்
கடைசியில் கூட்டல் சி விட்டுப்போச்சு என்றேன்.
"சி-ன்னா?"
ஒரு தொகை. கட்டாயம் இருக்கும்.
எவ்வளவு என்று சொல்ல முடியாது.
ஆனாலும் எழுதிவைக்க வேண்டும்.
அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை
நான் கவனித்திருக்க வேண்டும்.

தடை முடிந்து முதல் தங்கல்.
படகு கரை தொட்டது காலையில்,
இவர் வீடு தொட்டது விளக்கு வைத்தபிறகு.
பங்கு நாலாயிரத்து இருநூறு என்று
கிறிஸ்துதாஸ் பெண்டாட்டி முன்னமே சொல்லிவிட்டாள்.
எண்ணினேன். மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது.
மறுபடி எண்ணினேன். அதேதான்.
மிச்சம்?

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி,
ஒரு பேராசிரியரின் நிதானத்தோடு
திரும்பாமலே சொன்னார்:
"கூட்டல் சி."

பாவம், அடுத்த பாடம் அவருக்குத் தெரியாது.
ஒரே ஒரு தொடக்க நிபந்தனை கிடைத்தால்
சி-யின் மதிப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.
கிட்டே வரச் சொன்னேன்.
வாயை ஊதச் சொன்னேன்.