ஆஃப்

ஆல்டோனாவுக்கு அந்தச் சொல்லை
முதலில் கற்றுக்கொடுத்தது ஒரு மின்கெண்டி.
கிரிம்ஸ்பியில், மீன்வாடை ஏறிய வாடகை அறையில்
கைப்பிடிக்குக் கீழே ஒரு விசை.
மேலே தள்ளினால் ஆன், கீழே தள்ளினால் ஆஃப்.
தண்ணீர் அடங்கும். சிவப்பு விளக்கு சாகும்.
ஒரு சொல், ஒரு வேலை,
தன்னைப் போலவே என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் பால் ஆஃப்.
கீழ்வீட்டு மோரீன் குப்பியை மூக்கருகே கொண்டுபோய்
முகத்தைச் சுளித்து அப்படித்தான் சொன்னாள்.
ஆல்டோனா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
இதில் எங்கே இருக்கிறது விசை?

வெள்ளிக்கிழமை நான் ஆஃப் என்றார் ஃபோர்மன் கிளைவ்.
கெட்டுப்போய்விடுவாரோ என்றிருந்தது.
கெடவில்லை. திங்களன்று வந்தார்,
வெயில் பட்டுச் சிவந்த மூக்கும்
சப்பாத்தில் கிளீதோர்ப்ஸ் மணலுமாக.

எழுதுகிற எனக்கும் இதில் ஒரு சங்கடம்.
தமிழில் இதைப் பாதி என்று வாசிப்பவர்கள் உண்டு,
ஆஃப் பாயில் கேட்டு வளர்ந்தவர்கள்.
அப்படியே வாசியுங்கள், பாதகமில்லை.
அவளுக்கும் அது பாதிதான் விளங்கியிருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய். மூன்றாம் வரிசை.
பனிக்கட்டியோடு ஹாடக் மீன்கள் பெல்ட்டில் வருகின்றன.
காதில் ஆரஞ்சு அடைப்பான், கையில் கத்தி.
யாரோ தோளைத் தட்டிக் கத்திவிட்டு ஓடினார்கள்:
அலாரம் கான் ஆஃப்!
தலையாட்டினாள்.
எதுவோ அணைந்துவிட்டது. நல்லது.
அணைந்தவரை நிம்மதி.
இன்னும் இரண்டு மீனுக்கு முள்ளெடுத்தாள்.
மூன்றாவதின் வயிற்றில் கத்தி இறங்கும்போது
பெல்ட் நின்றது.
பக்கத்தில் ஆளில்லை. எதிரில் ஆளில்லை.
கூரையில் ஒரு விளக்கு
யாருக்கோ சுழன்றுகொண்டிருந்தது.

வெளியே மழை.
கார்களுக்கு நடுவே நீலத் தலைவலையோடு நூற்றுப்பத்துப் பேர்,
பெயர் கூப்பிட்டதில் ஒன்று குறைய.
கத்தியும் கையுமாக அவள் நடந்து வந்தாள்.
புகையறையில் ஒரு தட்டு கருகியிருந்தது, அவ்வளவுதான்.
ஏன் வரவில்லை என்றார் கிளைவ்.
ஆஃப் என்றுதானே சொன்னார்கள் என்றாள்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
மழையில் நின்றபடி அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார்,
பிறந்தது முதல் வாயில் புரண்ட சொல்லில்
முதல்முறை கல் கடித்தவர்போல.
அடங்கினாலும் அதுதான்.
அலறினாலும் அதுவேயா?

அன்றிரவு மின்கட்டண உறையின் பின்பக்கம் எழுதினாள்.
கோட்டைக் கழற்றினால் ஆஃப்.
விமானம் தரையை விட்டால் ஆஃப்.
மோரீன் மகளின் கல்யாணம் நின்றுபோனதும் ஆஃப்,
மண்டபத்துக்குக் கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை.
ஒட்டியிருந்தது எதுவோ விலகுகிறது,
விஷயம் இவ்வளவுதான் என்று தன் மொழியில் எழுதி
அடிக்கோடிட்டாள்.
பிறகு பால் ஞாபகம் வந்து
அதை அடித்துவிட்டாள்.

மார்ச்சில் கடிதம் வந்தது. லே ஆஃப்.
மூன்றாம் வரிசை முழுவதும், கிளைவும் சேர்த்து.
இந்த முறை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
மோரீன் தேநீர் ஊற்றிக்கொண்டே,
அந்தக் குளிரிலிருந்து தப்பித்தாயே, பெட்டர் ஆஃப் என்றாள்.
ஆஃபிலும் மட்டம், உசத்தி உண்டுபோல.
வாடகைக்கு ஒன்பது நாள் இருந்தது.

கடைசி நாள் பேருந்து நிறுத்தத்தில் கிளைவ் நின்றிருந்தார்,
ரப்பர் பூட்சை ஒரு கடைப் பையில் தொங்கவிட்டு.
கொஞ்ச நேரம் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.
சரி, ஐ ஆம் ஆஃப் என்று நகர்ந்தார்.
ஆல்டோனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.
அணையவில்லை, புளிக்கவில்லை, விடுப்பும் இல்லை.
போகிறார்.
தெருமுனைவரை விட்டுவிட்டு
அவர் முதுகைப் பார்த்துக் கூவினாள்:
ஐ ஆம் ஆஃப்!

கிளைவ் திரும்பினார்.
பையைத் தரையில் வைத்தார்.
இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டார்.